56 ஏ.பி.ஓ. முகவரியில் ஒரு வேட்பாளர்

2017 மார்ச் 11-ஆம் தேதி பஞ்சாப் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வந்தன. பட்டியாலா நகரத் தொகுதியில் ஜெனரல் ஜே.ஜே. சிங் வாங்கியிருந்தது 11,677 ஓட்டு. 2005 முதல் 2007 வரை இந்தியத் தரைப்படையின் தளபதியாக இருந்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் சீக்கியர். அவர் தாத்தா காலத்திலிருந்தே பட்டாளத்துக் குடும்பம். ஓய்வுக்குப் பிறகு அருணாசலப் பிரதேசத்தின் ஆளுநராகவும் ஐந்து வருடம் இருந்து முடித்திருந்தார். அப்போது மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த அகாலி தளத்தின் சார்பில் நின்றும் டெபாசிட் போய்விட்டது.

அவரைத் தோற்கடித்தவரின் பெயருக்கு முன்னாலும் ஒரு ராணுவப் பதவி இருந்தது. கேப்டன் அமரீந்தர் சிங், காங்கிரஸ். 72,586 ஓட்டு. சீக்கிய ரெஜிமென்ட்டில் மிகச் சில வருடங்களே இருந்தவர். 1965 போர் முடிந்த கையோடு வேலையை விட்டு வந்தவர்.

என் அப்பா சுபேதாராக ஓய்வு பெற்றவர். மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம், அதில் இருப்பவர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் கூப்பிடும். ஜே.ஜே. சிங் தளபதியாக இருந்த காலத்தில் அப்பா பணியில் இருந்தார். டிவியில் முடிவைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

"ஜெனரல் வந்தா கேப்டன் எழுந்து நிக்கணும்டா. நடுவுல ஆறு ரேங்க் கீது. இங்க ரெண்டு பேரும் நின்னாங்க, கேப்டன் ஜெயிச்சிட்டாரு."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவருக்கு அது உறுத்தியது. அடுத்த சில வாரங்கள் யாரோடு பேசினாலும் பட்டியாலாவுக்கே வந்து நிற்பார். "டெபாசிட் கூடவா?" என்பார். சட்டமன்றத் தேர்தலில் பொதுப் பிரிவு வேட்பாளர் கட்டும் டெபாசிட் பத்தாயிரம் ரூபாய். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பக் கிடைக்கும். ஒரு ஜெனரலுக்குப் பத்தாயிரம் ஒரு பணமா? ஆனால் டெபாசிட் போவது பணத்தைப் பற்றிய விஷயம் இல்லை என்பது தேர்தல் பார்த்து வளர்ந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு சிஸ்டம் எதிர்பார்த்த பதிலைத் தராவிட்டால், அது தப்பாக ஓடுகிறதா, நாம் கேட்ட கேள்வி தப்பா என்று பார்ப்பது தொழில் பழக்கம். பட்டியாலாவையும் அப்படித்தான் கொஞ்ச நாள் நோண்டினேன்.

முதலில் கண்ணில் பட்டது இரண்டாம் இடம். அந்த இடத்துக்கும் ஜெனரல் வரவில்லை. ஆம் ஆத்மி கட்சியின் பல்பீர் சிங் 20,179 ஓட்டு வாங்கியிருந்தார். அவர் கண் மருத்துவர், அந்த ஊர்க்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். ஜெனரலோ வாக்குப்பதிவுக்கு முந்தைய சில வாரங்களில்தான் தொகுதிக்குள் வேட்பாளராக வந்து இறங்கினார். கேப்டனுக்கு அந்த நகரம் சொந்த வீடு. அவர் அப்பாதான் பட்டியாலாவின் கடைசி மகாராஜா. ஊரில் கேப்டன் வீட்டுக்கு வழி கேட்டால் குழந்தையும் சொல்லும். அப்படியானால் அங்கே போட்டி கேப்டனுக்கும் ஜெனரலுக்கும் நடக்கவே இல்லை. ஊர்க்காரருக்கும் விருந்தாளிக்கும் நடந்தது.

அதே நாளில் கேப்டன் இன்னொரு தொகுதியிலும் நின்றிருந்தார். லம்பி. அங்கே பிரகாஷ் சிங் பாதல் 1997 முதல் தொடர்ந்து ஜெயித்து வந்தவர். அப்போது பாதலுக்கு வயது 89. பட்டியாலாவில் ஜெனரலை அறுபதாயிரத்துக்கும் மேலான வித்தியாசத்தில் பின்னால் தள்ளிய கேப்டன், லம்பியில் இந்தப் பெரியவரிடம் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் தோற்றார். இங்கே விருந்தாளி அவர்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "சரி, ஆனா வி.கே. சிங் எப்படி ஜெயிச்சாரு?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. இன்னொரு முன்னாள் தளபதி வி.கே. சிங் 2014-இல் காசியாபாத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அது மக்களவைத் தேர்தல். அங்கே ஜனங்கள் டெல்லியில் யார் உட்கார வேண்டும் என்று யோசித்து ஓட்டுப் போடுகிறார்கள். எல்லை, பாகிஸ்தான், பிரதமர் எல்லாம் அந்தப் பேச்சில் வரும். அந்த உயரத்தில் ஒரு தளபதி பொருத்தமாகத் தெரிவார். சட்டமன்றத் தேர்தலில் பேச்சு வேறு. சாக்கடை, பட்டா, பள்ளிக்கூடத்துக்கு பஸ், ரேஷன் கார்டில் விட்டுப்போன மருமகள் பெயர்.

அதற்காக ராணுவத்தில் இருந்தவர் சட்டமன்றத்துக்கு ஜெயிக்கவே முடியாது என்று இல்லை. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய கர்னல் ராஜ்யவர்தன் ராத்தோர் 2023-இல் ராஜஸ்தானின் ஜோத்வாரா தொகுதியில் ஜெயித்தார். ஆனால் அதற்கு முன்பே அதே பகுதிக்கு இரண்டு முறை எம்.பி.யாக இருந்துவிட்டார். இன்னொரு பக்கம் உத்தராகண்டில் மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி. ராணுவப் பொறியாளர், வாஜ்பாய் ஆட்சியில் தங்க நாற்கரச் சாலைகளை முன்னின்று போட்டவர். 2012-இல் முதல்வராக இருக்கும்போதே, 'கந்தூரிதான் தேவை' என்று மாநிலம் முழுக்க அவர் பெயரை வைத்தே கட்சி பிரச்சாரம் செய்தபோதே, கோட்த்வார் தொகுதியில் நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தது 31 சீட், காங்கிரசுக்கு 32. மாநிலத்துக்கே தேவை என்று சொல்லப்பட்டவரைத் தொகுதி தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தூரத்து ஊர்களின் கணக்காக இருந்தது, 2021 வரும் வரை.

எங்கள் ஊர் வேலூருக்குத் தெற்கே. அந்தப் பக்கம் பட்டாளத்துக்குப் போகிற வழக்கம் ரொம்பப் பழையது. பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். எங்கள் ஊரிலும் தெருவுக்கு நாலு வீட்டில் யூனிஃபார்ம் போட்டோ மாட்டியிருக்கும். அந்த வருஷம் ஜனவரியில் ஊரின் முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு பேச்சு எழுந்தது. நம்ம ஆள் ஒருத்தர் சுயேச்சையாக எம்.எல்.ஏ.வுக்கு நிற்க வேண்டும். யார்? சுபேதார் ஐயா.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். "பைத்தியமா?"

அப்பாவுக்கு ஆசை இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் என்னிடம் வேட்புமனுப் படிவத்தை இறக்கி அச்செடுத்துத் தரச் சொன்னார். கொரோனாவால் நான் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த சமயம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று படித்துச் சொன்னேன். "பத்துப் பேருதானே, ஒரு செக்ஷன்" என்றார். செலவு உச்சவரம்பு முப்பது லட்சத்து எண்பதாயிரம் என்றேன். "அது உச்சம்டா. அவ்ளோ செலவு பண்ணணும்னு ரூல் இல்லியே."

சங்கத்து ஆட்கள் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் ஒரு மாதிரி அடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பாவின் யூனிஃபார்ம் படம், பின்னால் ஒரு டாங்கி, மேலே இரண்டு போர் விமானம், கீழே 'கார்கில் நாயகன்'. அப்பா அதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"நான் எங்கடா சுட்டேன்? ரோடு போட்டேன். கண்ணி எடுத்தேன். பாலம் கட்டினேன். டாங்கி எங்கேர்ந்து வந்துச்சு?"

"தலைவரே, அது ஒரு எஃபெக்ட்டு" என்றார் சங்கச் செயலாளர்.

அப்பா அந்த ஃப்ளெக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார். யூனிஃபார்ம் படம் எதிலும் வரக்கூடாது என்று உத்தரவே போட்டார். அவருக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. பணியில் இருக்கும்வரை எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகக் கூடாது, வேட்பாளராக அறிவித்துக்கொள்ளக் கூடாது என்று ராணுவ விதி இருக்கிறது. 28 வருஷம் அதைக் கட்டுப்பாடாக நினைக்காமல் கௌரவமாக நினைத்தவர். 2019 தேர்தலுக்கு முன்னால், வீரர்களின் படங்களைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு மறுபடி சொன்னபோது, அந்தச் செய்தியை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் அவர்தான். 'நாட்டை மிலிட்டரி கையில் கொடுத்தால் ஆறு மாதத்தில் சரியாகும்' என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் அவருக்குக் கோபம் வரும். "பக்கத்து நாட்டுல குடுத்தாங்களே, சரியாச்சா?" என்று பதில் போடுவார்.

"அப்புறம் எதச் சொல்லிப்பா ஓட்டு கேப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதத்தான் பாக்கணும். மொதல்ல ரெக்கி."

பாலம் போடுவதற்கு முன் சாப்பர்கள் ஆற்றைப் போய்ப் பார்ப்பார்கள். அகலம் எவ்வளவு, கரை மண் எப்படி, எவ்வளவு எடை தாங்க வேண்டும். அதைப் பார்க்காமல் இரும்பை இறக்கினால் பாதியில் நிற்கும். அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினார். வேட்பாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சும்மா தெருத்தெருவாகப் போய்ப் பேசினார். மாஸ்க் போட்டுக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். எழுந்து நின்றார்கள், நாற்காலி போட்டார்கள். இரண்டு பேர் கேன்டீன் சரக்கு கிடைக்குமா என்று காதோடு கேட்டார்கள். ஒரு பையன் அக்னித் தேர்வு போல உடல் தகுதிச் சோதனைக்குப் பயந்துகொண்டிருந்தான், ஓடிப் பழக யோசனை கேட்டான். ஆனால் குறை என்று வந்தால் யாரும் அவரிடம் சொல்லவில்லை. "ஒண்ணும் இல்லீங்க, நல்லாருக்கோம்" என்றார்கள். பக்கத்தில் உடைந்த குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். அப்பாவே அதைக் காட்டிக் கேட்டால், "அத கவுன்சிலர் தம்பிகிட்ட சொல்லியிருக்கோம்" என்பார்கள். அந்தக் கவுன்சிலர் தம்பி பெரிய யோக்கியன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்காவது நெஞ்சுவலி என்றால் சிஎம்சிக்கு வண்டி எடுப்பவன் அவன்தான்.

மூன்றாம் நாள் கீழத்தெருவில் ஒரு பாட்டி. கண்ணுக்கு மேல் கை வைத்து அப்பாவை உற்றுப் பார்த்தது. அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"அட, மிலிட்டரி புள்ளையா! எப்பப்பா வந்தே? லீவு எத்தினி நாளு?"

அப்பா ஓய்வு பெற்று வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு வருஷமும் அதே ஊரில், அந்தத் தெருவிலிருந்து முந்நூறு அடி தூரத்தில்தான் இருந்தார்.

"வந்துட்டேன் ஆயா. லீவு முடிஞ்சிடுச்சி" என்றார்.

வீடு திரும்பும்வரை பேசவில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு, தான் எத்தனை முறை ஓட்டுப் போட்டிருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கினார். பட்டாளத்தில் இருப்பவர் 'சேவை வாக்காளர்'. பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கும், ஆள் எங்கோ இருப்பார். ஓட்டுச்சீட்டு தபாலில் போக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான அந்த முகவரிக்கு: பெயர், நம்பர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. ஊர் பெயர் கிடையாது. அப்பா காஷ்மீரில் இருந்தாலும் ராஜஸ்தானில் இருந்தாலும் எங்களுக்கு அவர் 56 ஏ.பி.ஓ.வில்தான் இருந்தார். வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு சீட்டு அச்சடித்து, அது மலை ஏறி அவர் கைக்கு வந்து, அவர் குறி போட்டு அனுப்பி, வாக்கு எண்ணிக்கை தொடங்கும் முன் ஊர் வந்து சேர வேண்டும். "ஒருவாட்டி கவர் வந்தப்போ இங்க ஆட்சியே மாறிப்போச்சு" என்றார். 2003-இல் ஊரில் இருக்கும் ஒருவரைப் பதிலாளாக வைத்து ஓட்டுப்போட வழி செய்தார்கள். ஓட்டுச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பும் ஏற்பாடு 2016-இல்தான் வந்தது. அது முதலில் நடைமுறைக்கு வந்தது நமக்குப் பக்கத்தில், புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். அதற்குள் அப்பா ஓய்வு பெற்று ஆறு வருஷம்.

விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். 28 வருஷத்தில் உருப்படியாகப் போய்ச் சேர்ந்த ஓட்டு எத்தனை என்று கடைசிவரை சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்குத் தோன்றியதை அவரிடம் நேராகச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். பட்டாளத்துக்காரருக்கு நாம் கொடுக்கும் மரியாதை, அவர் இங்கே இல்லை என்பதற்காகக் கொடுப்பது. நம் வீட்டில் இல்லாமல், நம் கல்யாணத்துக்கு வராமல், ஏரி உடைந்த ராத்திரியில் மண்மூட்டை தூக்க வராமல், எங்கோ பனியில் நிற்கிறார் என்பதற்காக. ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடுகிறோம். அதில் பொய் இல்லை. ஆனால் எம்.எல்.ஏ.வுக்குப் போடும் ஓட்டு, இங்கே இருந்தவனுக்குப் போடுவது. நல்லவனோ கெட்டவனோ, என் வீட்டு வாசல் எது என்று தெரிந்தவனுக்கு. ஒரு மனிதனை அவன் இளமை முழுக்க ஊரைவிட்டு வெளியே வைத்திருந்துவிட்டு, திரும்பி வந்ததும் 'ஊர் உன்னை அறியாது' என்று சொல்வது கொடுமைதான். ஆனால் அப்படிச் சொல்கிற ஜனங்கள் நன்றி கெட்டவர்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தளபதியாகவே இருந்தாலும் இன்னொரு வேலைக்கு அது சிபாரிசுக் கடிதம் ஆகாது என்று பட்டியாலா சொன்னது. மரியாதை வேறு, ஓட்டு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாட்டில்தான் ராணுவம் ராணுவமாகவே இருக்கும் என்பதை அப்பாவே ஒத்துக்கொள்வார்.

அந்தக் கேப்டனின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல்வரான பிறகு அவரைப் பார்க்கவே முடியவில்லை, ஊருக்கு வெளியே பண்ணை வீட்டிலேயே இருக்கிறார் என்று சொந்தக் கட்சிக்காரர்களே புகார் சொன்னார்கள். 2021 செப்டம்பரில் பதவி போனது. தனிக்கட்சி தொடங்கி 2022-இல் அதே பட்டியாலாவில் நின்றார். ஒருகாலத்தில் அந்த நகரத்தின் மேயராக இருந்த அஜித்பால் சிங் கோலியிடம் 19,873 ஓட்டில் தோற்றார். அரண்மனை அங்கேயேதான் இருந்தது. அவர்தான் விருந்தாளி ஆகிவிட்டார்.

2021 தேர்தலுக்கு வேட்புமனு போட மார்ச் 19 கடைசி நாள். படிவத்தை அப்பா பென்சிலில் பூர்த்தி செய்து வைத்திருந்தார். பத்துக் கையெழுத்தும் தயாராக இருந்தது. அன்று காலை சங்கத்து ஆட்கள் வண்டியோடு வந்தார்கள். அப்பா சட்டை மாற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"ஆறு அகலம் ஜாஸ்தி. நம்மகிட்ட இருக்கற சாமான் பத்தாது" என்றார்.

செயலாளருக்குக் கோபம். பயந்துவிட்டதாகக்கூடப் பேசினார். அப்பா பதில் சொல்லவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினார். அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் அன்று முழுக்க அவளும் அதிகம் பேசவில்லை.

அந்த நோட்டு மட்டும் மூடவில்லை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். யாருக்காவது மனு எழுதிக்கொடுத்து, கூடவே பஸ் ஏறிப் போக ஆரம்பித்தார். பட்டாளத்து ஆள் என்பதால் மனு ஒழுங்காக இருக்கும். தேதி, பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் வரிசையாக. ஆறு மாதத்தில் ஜனங்கள் குறையை அவரிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கட்சிச் சின்னம் இல்லாத ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு அப்பா மனுப் போட்டார். ஃப்ளெக்ஸ் இல்லை, யூனிஃபார்ம் இல்லை. வீடு வீடாகப் போய்க் கைகூப்பிக் கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதல் நாள் குரலே எழும்பவில்லை. மூன்றாம் நாள் பரவாயில்லை.

ஒன்பது ஓட்டில் தோற்றார்.

"ஒம்போது ஓட்டு யாருதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் போனில். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டு எண்ணோடு சொன்னார். அதில் ஒருத்தர் மகளுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் நிலுவையில் இருக்கிறதாம், வருகிற திங்கள்கிழமை அதற்குப் போக வேண்டுமாம். தாசில்தார் ஆபீஸில் ஆன்லைனில் போட்டால்தான் எடுப்பார்களாம், அதை எப்படிப் போடுவது என்று கேட்டார். லேப்டாப்பைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொடுத்தேன்.